செல்போனில் ஒரு நூலகம், ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம்



சென்ற இதழில் மாவடு ஊறுகாய் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு வந்த கடிதங்களில் ஒன்றில் மாவடுவைப் பற்றி ஒரு வரி கூட இல்லை! திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு இளம் தாய் எழுதியிருக்கிறார். "அக்கா, குழந்தைக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்று யாரைக் கேட்டாலும் 'நெட்டில் பார்' என்கிறார்கள். பார்த்தால் ஒருத்தர் கொடு என்கிறார், இன்னொருத்தர் தொடவே தொடாதே என்கிறார். யாரை நம்புவது? எப்படித் தேடுவது என்று யாராவது சொல்லிக் கொடுத்தால் தேவலை."

தேவலைதான். அரிசியில் கல் பொறுக்க நமக்கு யாரும் வகுப்பு நடத்தவில்லை. அம்மா முறத்தைப் பிடித்ததைப் பார்த்தே கற்றுக்கொண்டோம். செல்போனை அப்படிப் பிடித்துக் காட்ட நம் அம்மாக்களுக்கு வழி ஏது? நானும் பத்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் போன வருஷத்திலிருந்து இந்தத் தேடும் விஷயத்தில் கொஞ்சம் கை பழகியிருக்கிறது. அது எனக்கு நிஜமாகவே உபயோகப்பட்ட ஒரு சந்தர்ப்பத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணன் மகளுக்கு அப்போது ஆறாவது மாதம். தலைப்பிரசவம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.1 என்று வந்தது. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். பத்து நாள் சாப்பிட்டாள், நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு அண்ணி என் காதோடு காதாகச் சொன்னாள்: "மலம் கறுப்பாப் போகுதாம். பயந்துட்டா." அதோடு போச்சா? வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வேறு வந்து சேர்ந்திருந்தது. இரும்பு மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கிவிடும், குழந்தை கறுப்பாகப் பிறக்கும், தினம் ஒரு டம்ளர் பீட்ரூட் சாறு குடித்தாலே போதும் என்று! யார் எழுதியது, எந்த ஊர், எந்த வருஷம், ஒன்றும் கிடையாது. கீழே மட்டும் மறக்காமல், 'பத்துப் பேருக்கு அனுப்புங்கள்'.

அதட்டினால் கேட்கிற பெண் இல்லை அவள். "வா, நாம ரெண்டு பேருமே பார்ப்போம்" என்று அவள் போனையே வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன்.

முதலில் எழுத்து. 'ரத்தசோகை' என்று அடித்தால் ஒரு வகைப் பக்கங்கள் வருகின்றன. 'இரத்த சோகை' என்று பிரித்து அடித்தால் வேறு சில. 'இரத்தச்சோகை' என்று ச் போட்டால் இன்னும் சில. தமிழில் ஒரே சொல்லை நாலு விதமாக எழுதுகிறோம். போனுக்கு அதெல்லாம் ஒன்றுதான் என்று சில சமயம் புரிகிறது, சில சமயம் புரிவதில்லை. அதனால் எல்லா விதமாகவும் போட்டுப் பார்த்துவிடுங்கள். அடிக்கச் சிரமமாக இருந்தால் மைக் படத்தை அழுத்திப் பேசலாம். மொழி தமிழ் என்று ஒரு தடவை மாற்றி வைத்துவிட்டால் நாம் பேசப் பேச அதுவே எழுதிக்கொள்ளும். பக்கத்து வீட்டு டி.வி. சத்தத்தையும் சேர்த்து எழுதிவிடும், ஜாக்கிரதை!

அடுத்தது, மேலே வருவதெல்லாம் மேலானது என்று நினைத்துவிடக் கூடாது. தலைப்பில் 'ஸ்பான்சர்ட்' என்று சின்னதாகப் போட்டிருந்தால் அது காசு கொடுத்து வாங்கிய இடம். கடைவீதியில் வாசலில் நின்று கையைப் பிடித்து இழுப்பார்களே, அந்த மாதிரி. இப்போதெல்லாம் எதைத் தேடினாலும் உச்சியில் ஒரு பத்தி தானாகவே எழுதப்பட்டு வந்து நிற்கிறது. செயற்கை நுண்ணறிவு எழுதுவது அது. பல சமயம் சரியாகவே இருக்கிறது. சில சமயம் ரொம்ப தைரியமாகத் தப்பும் சொல்கிறது. எங்கிருந்து எடுத்தது என்ற இணைப்பு அதோடேயே இருக்கும். வயிற்றில் பிள்ளை இருக்கிற விஷயத்தில் அந்த இணைப்பை அழுத்தி, மூலத்தைப் பார்க்காமல் நான் நகர மாட்டேன்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் பிடித்த வழி. நம்பிக்கையான ஒரே ஒரு இடத்துக்குள் மட்டும் தேடச் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'சைட்' என்ற நாலு எழுத்தை அடித்து, ஒட்டினாற்போல் முக்காற்புள்ளி வைத்து, அதையும் ஒட்டினாற்போல் அந்த நிறுவனத்தின் இணைய முகவரியைப் போட வேண்டும். பிறகு ஒரு இடைவெளி விட்டு, தேடும் சொல். அவ்வளவுதான். சந்தைக்கூச்சல் எல்லாம் அடங்கி, அந்த ஒரு வீட்டில் இருப்பது மட்டும் வரும். இப்படி உலக சுகாதார நிறுவனத்தின் பக்கங்களிலும், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1998 முதல் பொதுமக்களுக்காக நடத்தி வரும் மெட்லைன்பிளஸ் என்ற தளத்திலும் தேடினோம். ஆங்கிலத்தில்தான் இருந்தது. பக்கத்தைத் தமிழில் மாற்றிக் காட்டு என்றால் காட்டுகிறது. தமிழ் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு வரும், விஷயம் புரிந்துவிடும். புரியாத இடத்தை அவள் படித்துச் சொன்னாள், பி.காம். படித்தவள் ஆயிற்றே.

என்ன கிடைத்தது தெரியுமா? இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பது சகஜம். உடம்பு எடுத்துக்கொள்ளாமல் மிஞ்சிய இரும்புதான் அது. தார் மாதிரி ஒட்டிக்கொண்டு போனாலோ, ரத்தம் தெரிந்தாலோ, வயிற்று வலி இருந்தாலோதான் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். குழந்தையின் நிறம் அம்மா அப்பாவிடமிருந்து வருவது. மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ரத்தசோகையை அப்படியே விட்டுவிட்டால்தான் குறைப் பிரசவம், எடை குறைந்த குழந்தை என்று ஆபத்து. இன்னொன்றும் கண்ணில் பட்டது. காபி, டீ இரண்டும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும்; பாலில் உள்ள சுண்ணாம்புச்சத்தும் அப்படித்தான். எலுமிச்சை, நெல்லிக்காயில் இருக்கும் வைட்டமின் சி அது சேர உதவும். இவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்கிறீர்கள்? காலை ஃபில்டர் காபியோடு மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தாள்!

தேதி பார்ப்பதும் அவசியம். பழைய பக்கங்களில் கர்ப்பிணிகளுக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்று மொத்தமாகப் போட்டிருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், முதல் மூன்று மாதத்துக்கும் கடைசி மூன்று மாதத்துக்கும் அதே 11, நடு மூன்று மாதத்துக்கு மட்டும் 10.5 என்று பிரித்திருக்கிறார்கள். எந்தக் கணக்கில் பார்த்தாலும் 9.1 குறைவுதான், அதில் பேரம் இல்லை. நம் நாட்டில் 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 வயதிலிருந்து 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை இருந்தது. பாதிக்கு மேல்! நம்மில் யார் யார் என்று எண்ணிப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

தேடிப் படித்ததை வைத்து நாங்களே வைத்தியம் செய்துகொள்ளவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு காகிதத்தில் மூன்று கேள்வி எழுதி, டாக்டரிடம் எடுத்துப் போனோம். எந்த வேளையில் சாப்பிடுவது, காபிக்கும் மாத்திரைக்கும் எவ்வளவு இடைவெளி, மலச்சிக்கலுக்கு என்ன செய்வது. டாக்டரம்மா காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்படிக் கேட்டால் எனக்கும் சுலபம்" என்றார். வேளையை மாற்றினார், மாத்திரையையும் மாற்றிக் கொடுத்தார். அடுத்த மாதப் பரிசோதனையில் 10.2. பீட்ரூட்டையும் விடவில்லை, பொரியலாகச் சாப்பிடுகிறாள். அது பாட்டுக்கு அது.

சரி, இதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது? அங்கேதான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வருகிறது.

என் பெண் கல்லூரியில் முதல் வருஷம் சேர்ந்த புதிதில், எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் ஆர்வமுள்ளவர்கள் மாதம் ஒரு ஞாயிறு கூடிப் பேசுகிறார்கள், நானும் போகட்டுமா என்று கேட்டாள். 'மீட்டப்' என்று பெயர் சொன்னாள். இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "யார் நடத்துறாங்க? எத்தனை பசங்க? எத்தனை மணிக்கு முடியும்?" என்று வரிசையாகக் கேட்டார். கேட்கத்தானே செய்வார்கள்? கடைசியில், அம்மா கூடப் போனால் போகலாம் என்று தீர்ப்பு. துணைக்குப் போய் நாலு மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று, கையோடு ஒரு பின்னல் வேலையை எடுத்துப் போனேன். ஊசியை வெளியில் எடுக்கவே இல்லை.

ஒரு கல்லூரியின் வகுப்பறை. சுமார் இருபத்தைந்து பேர். எங்களையும் சேர்த்துப் பெண்கள் நாலு பேர். நுழைவுக் கட்டணம் கிடையாது, பரீட்சை கிடையாது, மேடை மாலை பொன்னாடை ஒன்றும் கிடையாது. தெரிந்தவர் எழுந்து தெரிந்ததைச் சொல்கிறார், தெரியாதவர் கேட்கிறார். நடுவில் டீ, பிஸ்கட். இரண்டாவது கூட்டத்தில் வேலைக்குப் போகும் ஒரு பெண், 'இணையத்தில் ஒரு விஷயத்தைத் தோண்டிப் பார்ப்பது எப்படி' என்று தமிழிலேயே பேசினாள். பேச்சு நடுவில் என்னைப் பார்த்து, "அம்மா, நீங்க ஒரு சொல் சொல்லுங்க, தேடுவோம்" என்றாள். வாயில் வந்தது 'மாம்பழம்'. சிரித்தார்கள். அவள் சிரிக்காமல் அதையே போட்டாள்.

கூகுள் டிரெண்ட்ஸ் என்று ஒன்று இருக்கிறது, 2006-ல் வந்தது. ஒரு சொல்லை 2004-லிருந்து இன்று வரை மக்கள் எப்போது அதிகம் தேடினார்கள், எப்போது குறைவாகத் தேடினார்கள் என்று கோடு போட்டுக் காட்டும். மாம்பழம் என்றால் வருஷாவருஷம் கோடையில் மேடு! டெங்கு என்று போட்டால் மழைக்காலத்தை ஒட்டி மேடு. அதில் வரும் எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. 100 என்றால் நூறு பேர் தேடினார்கள் என்று அர்த்தமில்லை. அந்தக் காலகட்டத்தில் இருந்ததிலேயே உச்சம் எதுவோ, அதை 100 என்று வைத்து மற்றதை அதோடு ஒப்பிடுகிறார்கள். ஒரு சொல்லோடு சேர்த்து மக்கள் வேறு எதையெல்லாம் தேடுகிறார்கள் என்றும் கீழே ஒரு பட்டியல் வரும். அதைப் பிடித்துக்கொண்டே போகலாம், பொழுது போவதே தெரியாது.

விக்கிப்பீடியாவை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். அது 2001-ல் ஆங்கிலத்தில் தொடங்கியது. தமிழில் 2003-லிருந்து இருக்கிறது. அதை எப்படிப் படிப்பது என்று அந்தப் பெண் காட்டியபோதுதான் எனக்குச் சுவாரஸ்யம் வந்தது. கட்டுரையை மேலிருந்து படிப்பதோடு நிறுத்தாமல், அடியில் உள்ள மேற்கோள்களைப் பார்க்க வேண்டும். எந்தப் புத்தகம், எந்த ஆராய்ச்சி என்று இருக்கும். 'வரலாறு' என்ற இடத்தைத் தொட்டால் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பது முழுவதும் தெரியும். 'உரையாடல்' என்ற பக்கத்தில் கட்டுரையைப் பற்றிச் சண்டை நடந்திருந்தால் அதுவும் இருக்கும். மொழிப் பட்டியலைத் தொட்டால் அதே விஷயம் வேறு மொழியில் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். தமிழில் நாலு வரி இருப்பது ஆங்கிலத்தில் நாற்பது பக்கம் இருக்கும். நம் ஊர்க் கோயில், நம் ஊர்ப் பலகாரம் என்றால் சில சமயம் நேர்மாறு. எழுதுபவர்கள் எல்லாம் சம்பளம் இல்லாமல் எழுதுபவர்கள். அதனால் தப்பும் இருக்கும், திருத்தமும் நடக்கும்.

பழைய புத்தகப் பைத்தியங்களுக்கு ஒரு செய்தி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் ஏராளமான பழைய தமிழ்ப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் பழந்தமிழ் நூல்கள் இலவசம். என் மாமியார் கண் மங்கலோடு அச்சுப் புத்தகம் படிக்கத் திணறிக்கொண்டிருந்தார். இப்போது எழுத்தைப் பெரிதாக்கி, போனை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு படிக்கிறார். காபி ஆறிப் போகிறது.

கூட்டத்துக்கு வருகிறேன். இப்படி ஊருக்கு ஊர் கூடுவது புதிசு இல்லையாம். 1975 மார்ச் 5-ஆம் தேதி, அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் மென்லோ பார்க்கில், ஒருவர் வீட்டுக் கார் ஷெட்டில் முப்பது பேர் போலக் கூடி, வீட்டிலேயே கம்ப்யூட்டர் செய்வது பற்றிப் பேசினார்கள். 'ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்' என்று அதற்குப் பெயர். அங்கே வந்தவர்களில் ஒருவர் ஸ்டீவ் வாஸ்னியாக். அடுத்த வருஷமே, 1976-ல், அவர் செய்த கம்ப்யூட்டர்தான் ஆப்பிள் கம்பெனியின் முதல் சரக்கு. கார் ஷெட்டில் கூடினவர்களுக்கு டீ கொடுத்தது யாரோ, அதை எந்தப் புத்தகமும் சொல்லாது! நியூயார்க்கில் 2002-ல் தொடங்கிய மீட்டப் என்ற தளத்தில் ஊர் பெயரையும் நமக்குப் பிடித்த விஷயத்தையும் போட்டால், பக்கத்தில் எங்கே, என்றைக்குக் கூட்டம் என்று காட்டுகிறது. சமையல், நடைப்பயிற்சி, புத்தகம் என்று எல்லாவற்றுக்கும் குழு உண்டு. பெரிய நகரங்களில் நிறைய வரும். சின்ன ஊர்களில் அதில் வராமல் டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களிலும் கல்லூரி அறிவிப்புப் பலகையிலும்தான் தெரியும்.

நம் பக்கத்தில் சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் போன்ற ஊர்களில் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள். 1991-ல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. காசு கொடுக்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். காஞ்சிபுரம் குழுவினர் இணையம் வழியாகத் தமிழிலேயே கூடிப் பேசுவதும் உண்டு. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வெளியே போக முடியாத தாய்மார்கள் வீட்டிலிருந்தே கேட்கலாம். 2012-ல் தொடங்கிய 'கணியம்' என்ற மின்னிதழும் இந்த விஷயங்களைத் தமிழில் எழுதுகிறது. அதில் எழுதிய து. நித்யா 'எளிய தமிழில்' என்று தொடங்கும் கம்ப்யூட்டர் புத்தகங்கள் சிலவற்றை எழுதி இலவசமாகவே கொடுத்திருக்கிறார். ஒரு பெண் எழுதியது என்று பார்த்ததும் என் பெண் அதைத்தான் முதலில் எடுத்தாள்.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு லேப்டாப் கிடந்தது. தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் என் மூத்த மகன் பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கியது. திறந்தால் பத்து நிமிஷம் யோசிக்கும், பிறகு நின்றுவிடும். காயலான்கடைக்குப் போடுவதாக இருந்தோம். நாலாவது கூட்டத்துக்கு அதைத் தூக்கிப் போனோம். ஒரு பையன் பென் டிரைவைச் செருகி, உள்ளே இருந்ததை முதலில் வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, லினக்ஸ் மின்ட் என்று ஒன்றைப் போட்டான். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். இப்போது அதில்தான் என் பெண் ப்ரோகிராம் எழுதிப் பழகுகிறாள். பேட்டரி மட்டும் போய்விட்டது. கறண்டில் செருகியே வைக்க வேண்டும். புது லேப்டாப் வாங்க நாற்பதாயிரத்துக்கு எங்கே போவது என்று இவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த சமயம் அது.

பெண்ணை அனுப்புகிற தாய்மார்களுக்கும், தாங்களே போக நினைப்பவர்களுக்கும் நாலு வார்த்தை. முதல் தடவை இரண்டு பேராகப் போங்கள். கூட்டம் பொது இடத்திலா, எத்தனை மணிக்கு முடியும், கழிப்பறை வசதி உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். நல்ல குழு என்றால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். நடத்தை விதி என்று எழுதி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். யாராவது தொந்தரவு கொடுத்தால் யாரிடம் சொல்வது என்று அதில் இருக்க வேண்டும். போன் நம்பரைக் கேட்ட எல்லோருக்கும் கொடுக்க வேண்டாம். இன்னொன்று, இலவசக் கூட்டம் என்று கூப்பிட்டுக் கடைசி அரை மணியில் 'இன்றைக்கே பணம் கட்டினால் கோர்ஸில் பாதி விலை' என்று ஆரம்பித்தால், அது மீட்டப் இல்லை, வியாபாரம். எழுந்து வந்துவிடலாம், ஒன்றும் மரியாதைக் குறைவு இல்லை. பக்கத்து ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படிக் கட்டிய முன்பணத்தை இன்னும் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

வரும் மாதக் கூட்டத்தில் என் பெண்ணைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தமிழில் தேடும்போது எழுத்து மாறினால் என்னென்ன தப்பிப் போகிறது என்பதுதான் விஷயம். ரத்தசோகைக் கதையை நான்தான் அவளுக்குக் கொடுத்தேன், பெயர் சொல்லாமல் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு. திருச்சி சகோதரிக்கு ஒன்று: குழந்தைக்கு எத்தனை மாதம், எந்த உணவைப் பற்றிச் சந்தேகம் என்று குறிப்பிட்டு இன்னொரு கடிதம் போடுங்கள். அந்தச் சொல்லையே எடுத்து, நாம் சேர்ந்து தேடிப் பார்ப்போம்.